சோறு வெந்த நேரத்தைப் பெட்டியின் மேல் எழுதுங்கள்

நெடுந்தூர ரயில்களில் உணவு வழங்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அரசு மாணவர் விடுதிகளில் 26 ஆண்டுகள் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நாள் தவறாமல் மூன்று வேளையும் 90 பிள்ளைகளுக்கு இலை போட வேண்டிய பொறுப்பு என்னுடையது. அரிசி மூட்டை வந்து இறங்கினால் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் என் மூக்குதான் முதலில் போகிறது.

எங்கள் மகள் டெல்லியில் இருக்கிறாள். ஆண்டுக்கு இரண்டு முறை நானும் என் மனைவியும் போய்வருகிறோம். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். வேகமான வண்டிக்கே ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகிறது. கட்டிக்கொண்டு போகிற புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் நாளோடு சரி. கோடைக்காலம் என்றால் அதுவும் இல்லை, மாலைக்குள் இட்லி நூல் விட்டுவிடும். அதற்கப்புறம் நீங்கள் போடுவதுதான் எங்களுக்குச் சோறு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த வண்டி, யார் ஒப்பந்ததாரர் என்பதை எழுதப்போவதில்லை. ஒருவரைப் பிடித்து அபராதம் போட்டு, கோப்பை மூடுவதற்காக நான் இதை எழுதவில்லை.

டெல்லியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் சாப்பாட்டுக்குப் பெயர் எழுத வந்த பையனிடம், "எத்தனை மணிக்குத் தம்பி வரும்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். எட்டு மணி என்றான். ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டார். எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம், சாப்பாடு அடுத்த நிலையத்தில்தான் ஏறும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்பது மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பையில் இருந்த பிஸ்கட்டை அன்று மதியமே தீர்த்திருந்தோம். எதிர்ப் படுக்கையில் ஜார்க்கண்டிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிற பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எங்களுக்குள் பேச மொழி இல்லை. ஆனாலும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. துணி மூட்டையை அவிழ்த்து, அம்மா கட்டிக்கொடுத்திருந்த வெல்லக்கட்டியை எடுத்து உடைத்து நீட்டினான். அந்த வெல்லம்தான் அன்றைக்கு என் மனைவியைக் காப்பாற்றியது.

சாப்பாடு ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அலுமினியத் தாளைப் பிரித்தேன். சோறு பெட்டியின் வடிவத்துக்கே இறுகியிருந்தது. கவிழ்த்தால் செங்கல்லைப் போல அப்படியே வந்து விழும். விரலால் அழுத்தினால் பருக்கை பிரியவில்லை; மேலே காய்ந்து, நடுவில் ஈரமாக, உள்ளங்கைச் சூடுகூட இல்லாமல் இருந்தது. பருப்பு மேலே தெளிந்து மஞ்சள் தண்ணீராக நின்றது. அடியில் மட்டும் கொஞ்சம் கசடு. சப்பாத்தியை மடித்தால் மடியவில்லை, ஒடிந்தது. காய்கறியை முகர்ந்து பார்த்தேன். உருளைக்கிழங்கு புளிக்கத் தொடங்கும்போது ஒரு வாடை வருமே, சமையற்கட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், அது வந்தது. பெட்டியை மூடிவிட்டேன்.

பசி எடுத்த மனிதன் வாய்க்குப் பிடிக்காத சோற்றையும் சாப்பிட்டுவிடுவான். ருசியைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. வடக்கத்தி மசாலா பிடிக்கவில்லை, சாம்பார் எங்கள் ஊர்ச் சாம்பார் போல இல்லை என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. என் கவலை அந்தச் சோறு எப்போது வெந்தது என்பதுதான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் எழுதியிருக்கவில்லை.

விடுதியில் எங்களுக்கு இது பாலபாடம். வடித்த சோற்றை வெதுவெதுப்பாக மூடி வைப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு ஆறத் தொடங்கியதும் அது முளைத்துப் பெருகும்; அது விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சூடாகப் பரிமாற வேண்டியதை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஆறியதும் வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கிவிடுகிறோம், அது வேறு கணக்கு. ரயிலில் நடப்பது இரண்டும் கெட்டான்: கொதிக்கக் கொதிக்கப் பெட்டியில் அடைத்து, மூடியை அழுத்தி, அட்டைப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடைமேடையில் காத்திருக்க வைக்கிறார்கள். வண்டி தாமதம் என்றால் அந்தக் காத்திருப்பும் நீளுகிறது.

நாங்கள் சாப்பிடும் பெரும்பாலான சாப்பாடு வண்டிக்குள்ளேயே சமைத்தது என்று பயணிகள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலம் மாறிவிட்டது. வண்டியின் சமையல் பெட்டியான பேன்ட்ரி காரில் அடுப்பை எரிய விட்டுக் குழம்பு கொதிக்க வைப்பது ஆபத்து என்று நீங்கள் முடிவெடுத்தது சரியானதே. 2023 ஆகஸ்டில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், பயணிகள் விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததைப் பார்த்த எங்கள் பக்கத்து மக்கள் யாரும், ரயிலில் தீயை மூட்டச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ஆகவே சமையல் தரையில், நிலையத்தை ஒட்டிய சமையற்கூடங்களில் நடக்கட்டும். ஆனால் சமையல் தரைக்கு இறங்கிவிட்டால் அடுப்புக்கும் இலைக்கும் நடுவே நேரம் புகுந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு?

என் கைப்பேசியில் பார்த்தால் வண்டி எங்கே வருகிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று தெரிகிறது. எனக்குத் தெரிவது சமையற்கூடத்துக்குத் தெரியாமல் இருக்குமா? கால அட்டவணைப்படி எட்டு மணிக்கு வரவேண்டிய வண்டிக்கு ஆறரைக்கே சோற்றை வடித்துப் பெட்டியில் அடைத்துவிட்டு, வண்டி பத்து மணிக்கு வரும்வரை காத்திருப்பதை மாற்றுங்கள். வண்டி இத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது உலை ஏற்று என்று ஒரு விதி செய்ய முடியாதா? பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். எங்கள் விடுதியில், பள்ளியில் விளையாட்டு விழா நடந்து பிள்ளைகள் வரத் தாமதமானால், வாசலில் ஒரு பையனை நிறுத்தி வைப்போம். அவன் வந்து சொன்ன பிறகுதான் கஞ்சி வடிப்போம்.

2017இல் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 74 நிலையங்களிலும் 80 வண்டிகளிலும் கூட்டாக ஆய்வு செய்துவிட்டு, மனிதர் உண்ணத் தகாத பண்டம், ஒருமுறை மிஞ்சியதை மறுபடி பயன்படுத்திய உணவு, காலாவதியான பொட்டலம், சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீர் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அந்தப் பொறுப்பு கை மாறி வந்த கதையும் பொது ஆவணங்களில் இருக்கிறது. 2005 கொள்கையில் உணவுப் பொறுப்பு ரயில்வேயின் உணவு, சுற்றுலா நிறுவனமான ஐஆர்சிடிசியிடம் போனது. 2010இல் அது ரயில்வே மண்டலங்களுக்குத் திரும்பியது. 2017இல் மறுபடி ஐஆர்சிடிசிக்கு வந்தது. அப்போது சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு என்று பிரிக்கப்போவதாகவும் சொன்னார்கள். அந்த யோசனையை நான் மனதார வரவேற்றேன். ஆனால் பிரித்த பிறகு ஒருவர்மேல் ஒருவர் பழி போடாமல் இருக்க, கை மாறும் இடத்தில் நேரம் குறிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தப் பாட்டிலைக்கூட நேரம் எழுதாமல் கை மாற்ற மாட்டார்கள்.

உணவுப் பெட்டியில் கியூஆர் குறியீடு ஒட்டுவதாக அறிவித்திருக்கிறீர்கள். கைப்பேசியை நீட்டினால் எந்தச் சமையற்கூடம், எந்தத் தேதி என்று தெரியும் என்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் சோற்றுக்குத் தேதி போதாது, மணி வேண்டும். அதுவும் கண்ணால் படிக்கிற மாதிரி வேண்டும். நாக்பூர் தாண்டிக் காட்டுக்குள் போகும்போது சிக்னல் இருப்பதில்லை. என் வயதுக்காரர்கள் பாதிப் பேரிடம் பொத்தான் கைப்பேசிதான் இருக்கிறது. முத்திரைக் கட்டை ஒன்று, மை ஒரு புட்டி. "வெந்தது 18.40. 22.40க்கு மேல் உண்ண வேண்டாம்." பெட்டியின் மூடியில் இவ்வளவு இருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று என் மனைவியே முடிவு செய்துகொள்வார். விற்கிற பையனும் நேரம் கடந்த பெட்டியை நீட்டத் தயங்குவான்.

அந்தப் பையன்களைப் பற்றியும் எழுத வேண்டும். கோபத்தை அவர்கள்மீது கொட்டுவது சுலபம், நானும் கொட்டியிருக்கிறேன். 80 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 120 கேட்டான் ஒருவன். விலைப்பட்டியல் எங்கே, பில் எங்கே என்று சத்தம் போட்டேன். பில் இயந்திரத்தில் சார்ஜ் இல்லை என்றான். விடாமல் கேட்டதில் 80 வாங்கிக்கொண்டு போனான். இரவு பதினொரு மணிக்குக் கதவோரம் காற்று வாங்க நின்றபோது அதே பையன் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தான். காலில் செருப்புக்குப் பதில் பழைய துணியைச் சுற்றியிருந்தான், வெந்நீர் கொட்டிய புண். தனக்குச் சம்பளம் இல்லை, விற்றதில் கமிஷன்தான் என்றான். விற்காமல் மிஞ்சிய பெட்டிக்கு அவன் கணக்கில் பிடிப்பார்களாம். காலை நாலு மணிக்கு டீ கேனைத் தூக்கினால் இரவு இந்த நேரம்வரை வண்டியின் 20 பெட்டிகளையும் எத்தனை முறை நடக்கிறான் என்று அவனுக்கே கணக்கில்லை. படுக்கை, தண்ணீர்ப் பாட்டில் அட்டைகளின்மேல். விற்காததற்குத் தன் காசு போகும் என்றால், புளித்த பெட்டியை எந்தப் பையன் தூக்கி எறிவான்? அவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மிஞ்சியதை எறிந்தால் தண்டனை கிடையாது என்றும் எழுதுங்கள்.

அவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் குக்கரில் கிச்சடி வைத்துச் சாப்பிட்டதையும் அன்றிரவு பார்த்தேன். நல்ல வாசனை. பயணிகள் பெட்டியை அவர்களில் ஒருவரும் தொடவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

விடுதியில் பிள்ளைகள் உட்காருவதற்கு முன் காப்பாளர் ஒரு பிடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 26 ஆண்டுகள் போட்டேன். சில நாள் சாம்பாரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். சமையற்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பரவாயில்லை. ஒவ்வொரு வண்டியிலும் உங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், மேற்பார்வையாளரோ டிக்கெட் பரிசோதகரோ. ஏற்றிய சுமையிலிருந்து ஏதோ ஒரு பெட்டியை அவரே உருவி, அவரே சாப்பிட்டுவிட்டு, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு விநியோகம் தொடங்கட்டும்.

பணத்துக்கு வருகிறேன். வண்டியில் சைவச் சாப்பாட்டுக்கு 80 ரூபாய் என்று நீங்கள் நிர்ணயித்தது 2019 நவம்பரில். சோறு 150 கிராம், பருப்போ சாம்பாரோ 150 கிராம், சப்பாத்தி அல்லது பரோட்டா, காய், 80 கிராம் தயிர், ஊறுகாய். அளவில் குறையில்லை. ஆனால் அதற்குப் பிறகு பருப்பு விலையும் எண்ணெய் விலையும் எங்கே போய்விட்டன என்று மளிகைக்கடைக்குப் போகிற எவருக்கும் தெரியும். இந்த 80 ரூபாய்க்குள் அரிசி, ஆள், போக்குவரத்து, பெட்டி, வரி எல்லாம் அடங்கவேண்டும். அதற்கு மேல், ஏலத்தில் யார் அதிக உரிமக் கட்டணம் கட்டுகிறாரோ அவருக்கு வண்டி. கோடிகளில் ஏலம் எடுத்தவர் அதை எங்கிருந்து மீட்பார்? பருப்பில் தண்ணீர் ஊற்றித்தான் மீட்க முடியும். விடுதிக்குக் காய்கறி கொடுத்தவர்களில் விலையைத் தாறுமாறாகக் குறைத்து ஒப்பந்தம் எடுத்தவர் எல்லோருமே வாடிய கத்தரிக்காயைத்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை.

ஆகையால், பயணி சோற்றின்மீது கட்டண ஏலம் விடுவதை நிறுத்துங்கள். வண்டியில் கழிவறைக்கு எப்படி வருமானம் பார்ப்பதில்லையோ, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும். விலையை நீங்களே நிர்ணயித்துவிட்டு, அந்த விலைக்கு யார் நன்றாகச் சமைக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். 80 ரூபாய் போதாது என்றால் 100 ஆக்குங்கள். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, கெட்டுப்போன 80 ரூபாய்ச் சாப்பாட்டைவிட உண்ணத்தகுந்த 100 ரூபாய்ச் சாப்பாடு மலிவு. ஆனால் விலையை உயர்த்தும்போது பொதுப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். 20 ரூபாய்க்குப் பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் என்று பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே 2023 முதல் கடை போட்டு வருகிறீர்களே, அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வண்டி நின்று கிளம்புகிற அந்தச் சில நிமிடங்களில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கவே முடியாத பெண்களுக்கும் அது எட்ட வேண்டும். சன்னல் வழியாக நீட்ட ஓர் ஆளைப் போடுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் வேலை பார்த்தது ஆதிதிராவிடர் நல விடுதிகளில். தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம் என்று தடுத்து வைத்திருந்தார்கள். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் போராடிய பிறகு, 1941இல்தான் அந்தத் தடுப்பு போயிற்று. எங்கள் அப்பா அதைச் சொல்லும்போது குரல் மாறும். எல்லோரும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிற முதல் இடங்களில் ஒன்று ரயில் நிலையம். அந்த இடத்தில் இன்று டிக்கெட் விலையை வைத்து நல்ல சோறு, கெட்ட சோறு என்று பிரிந்து கிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 4,100 கிலோமீட்டருக்கு மேல், 70 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்கு வருகிற இளைஞர்கள். அவர்களுக்கு அந்த வண்டிதான் மூன்று நாள் வீடு. சொகுசு வண்டிப் பயணி சமூக ஊடகத்தில் படம் போட்டால் மறுநாளே நடவடிக்கை வருகிறது. 2024 நவம்பரில் நெல்லை–சென்னை வந்தே பாரத்தில் சாம்பாரில் பூச்சி இருந்தபோது, ஒப்பந்ததாரருக்கு உடனே 50,000 ரூபாய் அபராதம் விதித்தீர்கள். வரவேற்கிறேன். திப்ரூகர் வண்டியில் வரும் பையன் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்?

வேண்டுமானால் கைப்பேசியில் ஹோட்டல் சாப்பாடு வரவழைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நாங்களும் செய்திருக்கிறோம். ஒருமுறை விஜயவாடாவில் வந்த தயிர் சாதமும் அப்பளமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அது பெரிய நிலையத்துக்கும், கைப்பேசியில் பணம் கட்டத் தெரிந்தவருக்கும், நேரத்துக்கு வரும் வண்டிக்கும் உரிய வசதி. அதைக் காட்டிப் பேன்ட்ரி காரைக் கைகழுவிவிடக் கூடாது.

புகாரைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்குப் புகார் செய்தேன். அரை மணியில் ஒருவர் வந்தார், மரியாதையாகப் பேசினார், 160 ரூபாயைத் திருப்பித் தந்தார், "தீர்ந்தது" என்று ஒரு கையெழுத்து கேட்டார். போடவில்லை. பணம் எனக்குத் திரும்பிவிட்டது, ஆனால் அந்த அட்டைப்பெட்டியில் மிச்சமிருந்த சாப்பாடு அடுத்த ரயில் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்டிச் சாப்பாடு கெட்டிருந்தால் அதே உலையில் வெந்த எல்லாப் பெட்டிச் சாப்பாடும் கெட்டிருக்கும். ஒரு புகார் வந்தால் அந்தச் சமையற்கூடத்தின் அந்த வேளைச் சாப்பாடு முழுவதையும் நிறுத்தி வைப்பதுதான் தீர்வு. எந்த உலை, எத்தனை மணி என்று பெட்டியில் எழுதியிருந்தால்தானே அதை நிறுத்த முடியும்?

சாப்பாட்டு நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வண்டி தாமதம் என்றால், "இரவுச் சாப்பாடு 9.45க்கு" என்று பெயர் எழுதும் பையனுக்குத் தகவல் போகட்டும். இன்சுலின் போடுபவர்கள் ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் இருக்கிறார்கள். அன்று எங்களுக்கு எதிர்ப் படுக்கையில் வெல்லம் இருந்தது.

வரும் தை பிறந்ததும் மறுபடி டெல்லிக்குப் போகிறோம். பேரனுக்குக் காது குத்து. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் மனைவி கடலை மிட்டாயும் வெல்லக்கட்டியும் தனிப் பையில் இப்போதே எடுத்து வைத்துவிட்டார். பெட்டி வந்ததும் மூடியில்தான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மாணவர் விடுதிக் காப்பாளர் ஒருவர்,
கோவில்பட்டி வட்டம்